மாற்றுக் காவலர் வராத இரவுகள்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடிக்கு அருகில் உள்ள ஒரு செட்டிநாட்டுக் கிராமத்திலிருந்து இதை எழுதுகிறேன். ஊரின் பெயரை எழுதினால் எங்களை எளிதில் அடையாளம் கண்டுகொள்வார்கள் என்பதால் அதைத் தவிர்க்கிறேன்.

என் கணவருக்கு 46 வயது ஆகிறது. 1998இல் இராணுவத்தில் சேர்ந்து, 24 ஆண்டுகள் பணியாற்றி, 2022இல் ஹவில்தாராக ஓய்வு பெற்று ஊருக்கு வந்தார். 2004இல் எங்களுக்குத் திருமணம் நடந்தது. எனினும் அவர் ஓய்வு பெறும் வரை நாங்கள் சேர்ந்து வாழ்ந்த நாட்களைக் கூட்டினால் ஐந்தாறு ஆண்டுகள்கூடத் தேறாது. லீவில் வரும்போதெல்லாம் சிரித்த முகமாகவே இருப்பார். ஓய்வு பெற்று வந்த முதல் சில மாதங்களும் நன்றாகத்தான் இருந்தன. பிறகு காரைக்குடியில் ஒரு வங்கிக் கிளையில் காவல் பணியில் சேர்ந்து, அதற்காக உரிமம் பெற்று ஓர் இரட்டைக் குழல் துப்பாக்கியும் வாங்கினார். ஓராண்டுக்குள் அந்த வேலையை விட்டுவிட்டார். வருகிறவர்களில் யார் கை எந்தப் பைக்குள் போகிறது என்று நாள் முழுவதும் பார்த்துக்கொண்டே இருப்பதில் தலை வெடிக்கிறது என்று மட்டும் சொன்னார்.

இப்போது எங்கள் ஊரில் நகரத்தார் குடும்பம் ஒன்றின் பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். வீட்டுக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள். முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நீளும் அந்த வீட்டின் பின்கட்டில் நாங்கள் குடியிருக்கிறோம். நான் சீப்புச் சீடையும் தேன்குழலும் செய்து ஆர்டருக்குக் கொடுக்கிறேன். மகன் 19 வயதில் கல்லூரியில் படிக்கிறான். மகள் பத்தாம் வகுப்பு.

இரவில் அவர் தூங்குவதில்லை. ஒன்பது மணிக்கு ஒருமுறை, நள்ளிரவில் ஒருமுறை, மூன்று மணிக்கு ஒருமுறை என முகப்பிலிருந்து பின்கட்டு வரை ஒவ்வொரு கதவின் தாழ்ப்பாளையும் தொட்டுப் பார்த்து வருகிறார். எண்ணிக்கையில் பிசகு வந்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறார். சுவரில் முதுகு சாய்ந்திருந்தால்தான் சாப்பிடுகிறார். வண்டியில் போகும்போது சாலையோரத்தில் ஒரு சாக்குப் பையோ மண்குவியலோ கிடந்தால் எதிரே வாகனம் வருவதையும் பாராமல் ஒதுங்கிப் போகிறார். மகள் பின்னாலிருந்து தோளைத் தொட்டதற்கு ஒருநாள் கையில் இருந்த தம்ளரைச் சுவரில் வீசி எறிந்தார்; பிறகு அவளைப் பார்க்க முடியாமல் இரண்டு நாட்கள் முகப்பிலேயே படுத்திருந்தார்.

சென்ற தை மாதம் வீட்டுக்காரர்கள் ஊருக்கு வந்து பெரியவருக்குச் சாந்திக் கல்யாணம் செய்தார்கள். வாசலில் திடீரென்று அதிர்வேட்டுப் போட்டதும், என் கணவர் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த ஒரு குழந்தையை இழுத்துத் தரையில் கிடத்தி, அதன் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டார். குழந்தை வீரிட்டு அழுதது. சுற்றி நின்றவர்களில் சிலர் சிரித்தார்கள். "மிலிட்டரிக்காரர் வேட்டுக்குப் பயப்படுகிறாரே" என்று ஒருவர் சொன்னது அவர் காதில் விழுந்தது. அன்றிலிருந்து கல்யாணம், கோயில் திருவிழா, இழவு வீடு என எதற்கும் அவர் வருவதில்லை.

பங்குனியில் ஒரு நள்ளிரவில் அவர் கனவில் அலறுவதைக் கேட்டுத் தோளைப் பிடித்து உலுக்கினேன். கண் திறந்தபடியே என் கழுத்தைப் பிடித்துவிட்டார். நான் பெயர் சொல்லிக் கத்தியதும் விட்டார். விடியும் வரை அழுதார். கேன்டீனில் மாதந்தோறும் கிடைக்கும் ரம், முன்பு உறவினர்களுக்குப் போய்விடும். இப்போது அது அவருக்கே போதாமல் வெளியிலும் வாங்குகிறார்; தினமும் குடிக்கிறார். குடித்த ஓரிரவில், "நான் அன்றைக்கே போயிருக்க வேண்டியவன்" என்றார். என்ன நடந்தது, எப்போது என்று கேட்டேன். எழுந்து தாழ்ப்பாள் பார்க்கப் போய்விட்டார்.

அந்த விவரம் எனக்கு மதுரையில் ஒரு திருமணத்தில், அவருடன் பணியாற்றிய நண்பர் சொல்லித்தான் தெரிந்தது. 2009இல் காஷ்மீரில், அதிகாலையில் படை வண்டிகள் வருவதற்கு முன்னால் சாலையைச் சோதித்துச் செல்லும் குழுவில் முன்னே நடக்க வேண்டிய முறை என் கணவருடையது. அவருக்குக் காய்ச்சல் என்பதால் அவருடைய இணை வீரர் அந்த முறையை ஏற்றுக்கொண்டு போயிருக்கிறார். சாலையோரத்தில் புதைத்திருந்த குண்டு வெடித்து அவர் அங்கேயே இறந்துவிட்டார். முந்தைய நாள் இரவு, என் கணவரின் கைக்கடிகாரம் நின்றுவிட்டதால், காவல் நேரம் பார்ப்பதற்காகத் தன் கடிகாரத்தை அவர் கழற்றிக் கொடுத்திருக்கிறார். அந்தக் கடிகாரம் எங்கள் அலமாரியில் ஒரு கைக்குட்டையில் சுற்றி இருக்கிறது. யாருடையது என்று தெரியாமலேயே இத்தனை ஆண்டுகளாக நான் அதைத் தூசு தட்டி வைத்திருக்கிறேன்.

என் மாமியார், யாரோ கொல்லங்குடி வெட்டுடையார் காளி கோயிலில் எங்கள் பெயரில் காசு வெட்டிப் போட்டுச் சாபமிட்டுவிட்டார்கள் என்று உறுதியாக நம்புகிறார். என் அண்ணன், மனநல மருத்துவரிடம் போனால் பென்ஷன் போய்விடும், மகளுக்கு நாளைக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்கிறார். இதற்கிடையில் மகன் இராணுவத்தில் சேர்வதற்கான அக்னிவீர் தேர்வுக்காக விடியற்காலையில் ஓடிப் பழகுகிறான். அது தெரிந்த அன்று அவர் அவனுடைய காலணியைக் கிணற்றில் போட்டுவிட்டார்.

இவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா? சரியாகுமா? மகனை நான் தடுக்க வேண்டுமா? அந்தக் கடிகாரத்தை, நண்பரிடம் முகவரி வாங்கி, அவருக்குத் தெரியாமல் இறந்தவரின் வீட்டுக்கு அனுப்பிவிட்டால் அவர் மனம் ஆறுமா?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் வருகிறேன். அதற்கு முன் நீங்கள் கேட்காத ஒன்றைப் பேசியாக வேண்டும். அந்த இரட்டைக் குழல் துப்பாக்கி இப்போது எங்கே இருக்கிறது? வங்கி வேலையை விட்ட பிறகு அதை என்ன செய்தார் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. ஆகவே அது வீட்டில்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். தூக்கமில்லாத, தினமும் குடிக்கிற, "அன்றைக்கே போயிருக்க வேண்டியவன்" என்று சொல்கிற ஒருவர் இருக்கும் வீட்டில் துப்பாக்கியும் தோட்டாவும் இருக்கக் கூடாது. தற்கொலை எண்ணம் பெரும்பாலும் அலைபோல உயர்ந்து தணியக்கூடியது. அந்த அலை உச்சத்தில் இருக்கும் சில நிமிடங்களில் கைக்கெட்டும் தூரத்தில் ஆயுதம் இல்லாமல் இருப்பதே பல உயிர்களைக் காத்திருக்கிறது. தேர்தல் காலத்தில் உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைப்பது நம் ஊர்களில் எல்லோரும் அறிந்த வழக்கம். அதைப் போலவே இப்போதும் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கி வணிகரிடமோ பாதுகாப்பாக வைக்கக் கேட்கலாம். நீங்கள் ஒளித்து வைக்காதீர்கள். அவர் கண்டுபிடிப்பார், அதோடு உங்கள் மேலுள்ள நம்பிக்கையும் போகும். போர்முனை அல்லாத முகாம்களில் காவல் முடிந்து வருகிற வீரர் ஆயுதத்தைக் 'கோத்' எனப்படும் ஆயுத அறையில் ஒப்படைத்துவிட்டுத்தான் படுக்கப் போவார். "சிகிச்சை முடியும் வரை கோத்தில் வைத்துவிடலாம்" என்று அந்த மொழியிலேயே, அவர் குடிக்காத ஒரு காலை நேரத்தில் கேளுங்கள். அவருடைய பழைய நண்பர் உடன் வந்தால் இன்னும் நல்லது.

இன்னொன்றையும் நேராகக் கேளுங்கள்: "சாக வேண்டும் என்று நினைக்கிறீர்களா?" அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று குடும்பங்கள் அஞ்சுகின்றன. கேட்பதனால் அந்த எண்ணம் உருவாவதில்லை. ஏற்கெனவே தனியாகச் சுமந்துகொண்டிருப்பவருக்குக் கேள்வியே ஓர் இளைப்பாறலாக அமைவதைத்தான் நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். ஆம் என்று சொன்னால் அன்றிரவு அவரைத் தனியாக விடாமல் 14416 என்ற எண்ணை அழையுங்கள். 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் டெலி மனஸ் என்ற அரசு உதவி எண் அது. கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். படையினருக்கும் அவர்கள் குடும்பத்தினருக்கும் என்றே புனேயில் உள்ள படை மருத்துவக் கல்லூரியில் 2023 டிசம்பரில் அதன் தனிப் பிரிவு ஒன்றும் தொடங்கப்பட்டிருக்கிறது.

இனி உங்கள் முதல் கேள்வி. உங்கள் கணவருக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. நேரில் பார்க்காமல் கடிதத்தை வைத்து நோயை உறுதிப்படுத்துவது முறையன்று. அதை மனநல மருத்துவர்தான் செய்ய வேண்டும். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் ஒவ்வொன்றும் போர்முனையிலிருந்து திரும்பியவர்களிடம் நூறாண்டுகளுக்கும் மேலாக மருத்துவம் பார்த்துவரும் ஒரு துன்பத்தோடு பொருந்துகிறது. முதல் உலகப் போரில், உடலில் காயமே இல்லாமல் நடுங்கியும் பேச்சிழந்தும் வந்த வீரர்களின் நிலையை 'ஷெல் ஷாக்' என்றார்கள்; 1915இல் சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் அந்தப் பெயரில் மருத்துவ இதழில் எழுதினார். வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களின் துன்பம் கண்முன் நின்ற பிறகு, 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் அதற்கு ஒரு முறையான நோய்ப்பெயரைத் தந்தது. தமிழில் அதைப் பேரதிர்ச்சிக்குப் பின்வரும் மனநலப் பாதிப்பு என்று சொல்லலாம். கெட்ட கனவாகவும் திடீர் நினைவாகவும் அந்நிகழ்ச்சி திரும்பத் திரும்ப வருவது, அதை நினைவூட்டும் இடங்களையும் மனிதர்களையும் தவிர்ப்பது, தன்னைப் பற்றியும் உலகைப் பற்றியும் கசப்பும் குற்றவுணர்வும் மூடிக்கொள்வது, உடல் எப்போதும் தயார்நிலையில் விறைத்திருப்பது ஆகியவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து வாழ்க்கையைக் குலைக்கும்போது மருத்துவர்கள் இந்தப் பெயரைச் சொல்வார்கள்.

2009இல் நடந்தது ஏன் இவ்வளவு தாமதமாக வெளிப்பட வேண்டும் என்று நீங்கள் வியக்கக்கூடும். படையில் இருந்தவரை அவருடைய விழிப்புக்கு ஒரு வேலை இருந்தது. சாக்குப் பையைக் கண்டதும் ஒதுங்குவது அங்கே உயிர் காக்கும் பயிற்சி. சுவரில் முதுகு சாய்வது ஒழுங்கு. இரவில் தாழ்ப்பாள் பார்ப்பது கடமை. பக்கத்தில் அதே விழிப்போடு ஒரு பட்டாளமே இருந்தது. ஓய்வு பெற்ற அன்று சீருடையையும் ஆயுதத்தையும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். உடலுக்குள் இருபத்துநான்கு ஆண்டுகளாகப் பதிந்த அந்தத் தயார்நிலையைத் திரும்பப் பெற்றுக்கொள்ள எந்த ஏற்பாடும் இல்லை. வேட்டுச் சத்தம் காதில் விழுந்ததும், இது கல்யாண வீடு என்று அறிவு எடுத்துச் சொல்வதற்குள் மூளையின் அபாய மணி அடித்து உடலைத் தரையில் தள்ளிவிடுகிறது. அந்த நொடியிலும் அவர் என்ன செய்தார் என்று கவனித்தீர்களா? ஓடி ஒளியவில்லை. பக்கத்தில் இருந்த குழந்தைக்குத் தன் உடலைக் கவசமாக்கினார். அங்கே சிரித்தவர்கள்மீது எனக்குக் கோபத்தைவிட வருத்தமே அதிகம். 1801 அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்ட திருப்பத்தூர் உங்கள் ஊரிலிருந்து அதிகத் தொலைவில்லை. வீரத்தைப் பேசிப் பேசியே வளர்ந்த மண் அது. அதனாலேயே வீரன் ஒருவன் நடுங்குகிறான் என்றால் அதை வைத்துப் பார்க்க ஓர் இடம் நம் பேச்சில் இல்லை. அன்று அவர் செய்தது என்ன என்பதை உங்கள் வாயால் அவரிடம் ஒருமுறை சொல்லுங்கள். வேறு யாரும் அதை அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

காவல் பணியில் ஒரு விதி உண்டு என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். காவலில் நிற்பவர் மாற்று ஆள் வந்து பொறுப்பேற்கும் வரை இடத்தைவிட்டு நகரக் கூடாது. உங்கள் கணவரின் முறையை ஏற்றுக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை. கடிகாரம் இவரிடம் தங்கிவிட்டது. அன்றிலிருந்து இவர் காவலை விட்டு இறங்கவே இல்லை என்று உங்கள் கடிதத்தைப் படிக்கப் படிக்க எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அச்சத்தைவிடவும் ஆழமாக இங்கே இருப்பது, தான் உயிரோடு இருப்பதே தவறு என்ற எண்ணம். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு பெரியவர், 1987க்கும் 1990க்கும் இடையில் இலங்கைக்குச் சென்ற அமைதிப்படையில் இருந்தவர். அவருக்கு வெடிச் சத்தம் ஒரு பொருட்டே இல்லை. ஒரு சோதனைச் சாவடியில் ஒரு தாய் தமிழில் தன்னிடம் கெஞ்சியதும் தான் பதில் பேசாமல் நின்றதும்தான் அவரை முப்பது ஆண்டுகளாகத் தூங்கவிடவில்லை. தான் செய்தது, செய்யத் தவறியது, தனக்குப் பதிலாக இன்னொருவர் இறந்தது ஆகியவற்றால் வரும் காயத்துக்கு, "பயப்படாதீர்கள், எல்லாம் முடிந்துவிட்டது" என்ற ஆறுதல் மருந்தாகாது. "உங்கள் மேல் தப்பில்லை" என்று நீங்கள் நூறு முறை சொன்னாலும் அவர் மனம் ஏற்காது. அந்தக் காலையை, காய்ச்சலை, முறை மாற்றியதை, வெடியை, ஒன்றையும் விடாமல் பயிற்சி பெற்ற ஒருவரின் முன்னிலையில் மெல்ல மெல்ல வாய்விட்டுச் சொல்லி, குண்டு வைத்தவரின் பொறுப்பையும் காய்ச்சலில் கிடந்தவரின் பொறுப்பையும் அவரே தன் கையால் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சரியாகுமா என்று கேட்டீர்கள். பெருமளவு சரியாகும். மேலே சொன்னதுதான் அதிர்ச்சியை மையமாகக் கொண்ட பேச்சு சிகிச்சையின் சாரம். வாரம் ஒருமுறையாகச் சுமார் மூன்று மாதங்கள் நடக்கும். கண் அசைவுகளின் துணையோடு அந்நினைவைச் செரிக்க உதவும் முறையும் உண்டு. இவை நினைவை அழிப்பதில்லை. நினைவு வரும்போது உடல் காஷ்மீருக்கே போய்விடாமல் இங்கே நிற்கப் பழக்குகின்றன. செர்ட்ராலின் போன்ற மருந்துகளும் பலருக்குப் பயன்படுகின்றன. அவை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும் என்பதால் பத்தே நாளில் "மாத்திரை கேட்கவில்லை" என்று நிறுத்திவிடக் கூடாது. மருந்துக் கடையில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுப்பதை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள். மதுவோடு சேர்ந்தால் அது மூச்சையே அடக்கிவிடலாம். இந்த நோய்க்கு அந்த வகை மாத்திரைகளைப் பரிந்துரைப்பதும் இல்லை.

மதுவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கோபத்தில் பாட்டில்களை உடைத்து ஒரே நாளில் குடியை நிறுத்த வைக்காதீர்கள். நாள்தோறும் நிறையக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்த வேண்டும். அவர் தூங்குவதற்காகவே குடிக்கிறார். ஆனால் அதே மதுதான் பின்னிரவுத் தூக்கத்தைக் குலைத்துக் கனவுகளைக் கூர்மையாக்குகிறது.

எங்கே போவது? முன்னாள் படைவீரர்களுக்கான பங்களிப்பு மருத்துவத் திட்டம் 2003 ஏப்ரல் முதல் இருக்கிறது. அவரிடம் அந்த அட்டை இருக்கும். அத்திட்டத்தின் பாலிகிளினிக் மருத்துவரைப் பார்த்தால் மனநல மருத்துவத்துக்குப் பரிந்துரை தருவார். அதற்குத் தயக்கம் இருந்தால் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நேராகப் போகலாம். "தூக்கத்துக்கு மருத்துவரைப் பார்ப்போம்" என்று அழைத்தால் பெரும்பாலான படைவீரர்கள் வருகிறார்கள். அது பொய்யும் அல்ல.

உங்கள் அண்ணன் சொன்னது தவறு. அவர் பெறும் ஓய்வூதியம் அவர் செய்து முடித்த பணிக்கானது; மனநல மருத்துவரைப் பார்ப்பதால் அது நிற்காது. உண்மையில், படைப்பணியால் உண்டான நோய்க்குத் தனி ஓய்வூதியம் கோரவும் இடமுண்டு. அதற்கான விதிகள் 2023இல் மாற்றப்பட்டிருப்பதால், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பணிச் சான்றுகளோடு நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை விவரங்களை இரகசியமாகக் காக்கும் உரிமையை அவருக்கு அளிக்கிறது. மகளின் திருமணத்தைப் பற்றி இப்போதே கவலைப்படாதீர்கள். பத்தாம் வகுப்பில் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு இன்று தேவைப்படுவது, அப்பா தம்ளரை எறிந்தது தன்மேல் இருந்த வெறுப்பால் இல்லை என்று யாராவது உட்கார்ந்து எடுத்துச் சொல்வது.

உங்கள் மாமியாரோடு வாதாட வேண்டாம். மகன் இப்படித் தேய்வதைக் காணும் தாய்க்கு ஒரு காரணம் வேண்டியிருக்கிறது; காளியிடம் நேர்ந்துகொள்வதில் அவருக்கு ஆறுதல் கிடைக்கட்டும். மந்திரிப்பது, கட்டுவது, அடிப்பது என்று எதுவும் நடக்காமலும், அதன் பொருட்டு மருத்துவம் தள்ளிப் போகாமலும் பார்த்துக்கொண்டால் போதும்.

வீட்டுக்குள் நீங்கள் உடனே செய்யக்கூடியவை சில உண்டு. கனவில் அலறும்போது தொடாதீர்கள். விளக்கைப் போட்டு, கால்மாட்டுக்கும் தள்ளி நின்று, அவர் பெயரைச் சொல்லி, "நம் வீட்டில் இருக்கிறீர்கள், நான்தான் பேசுகிறேன்" என்று நிதானமாகச் சொல்லுங்கள். சிகிச்சை பிடிக்கும் வரை வேறு படுக்கையில் உறங்குங்கள். அதை ஒரு தண்டனையாக அவர் எண்ணாதபடி பேசி முடிவு செய்யுங்கள். உறக்கத்தில் கழுத்தைப் பிடித்தது அவர் அறிந்து செய்ததில்லை. விழித்திருக்கும்போது உங்களையோ பிள்ளைகளையோ அடித்தால், அதற்கு நோயைக் காரணம் காட்டிப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழைக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

அவர் பார்வை எங்கோ நிலைகுத்தும்போது, வெறுங்காலோடு உள்முற்றத்து வளவின் ஆத்தங்குடித் தரைக்கல்லில் நிற்கச் சொல்லி, அதன் குளிர்ச்சியை, பூ வேலைப்பாட்டின் நிறங்களை, எண்ணெயில் வேகும் தேன்குழலின் மணத்தை ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லச் செய்யுங்கள். கண்ணும் காலும் மூக்கும் இந்த இடத்தைப் பற்றிக்கொண்டால் மனம் பின்னாலேயே வந்துசேரும். தாழ்ப்பாள் பார்ப்பதைக் கேலி செய்யவும் வேண்டாம், உடனே நிறுத்தவும் வேண்டாம். நள்ளிரவுச் சுற்றை மட்டும் மகன் ஏற்றுக்கொண்டு, "நான் பார்த்துவிட்டேன் அப்பா, எல்லாம் சரியாக இருக்கிறது" என்று வந்து சொல்லட்டும். பல நாட்கள் அவர் மறுபடியும் எழுந்து போய்ப் பார்ப்பார். போகட்டும். ஏதோ ஓர் இரவில் போகாமல் இருப்பார். ஊரில் வேட்டுப் போடும் நாட்களை முன்கூட்டியே விசாரித்து அவரிடம் சொல்லிவிடுங்கள். எதிர்பாராத சத்தமும் எதிர்பார்த்த சத்தமும் ஒன்றில்லை. முதலில் அந்த நேரத்தில் அவர் தள்ளி இருப்பதில் தவறில்லை. ஆனால் விலகி இருப்பதே வாழ்க்கையாகிவிட்டால் நோய் வேர்விடும் என்பதால், கூட்டத்துக்குள் திரும்பி வருவதை மருத்துவரின் துணையோடு சிறு சிறு அடிகளாகத் தொடங்க வேண்டும்.

மகனின் விஷயத்தில் நான் யாருடைய பக்கத்தையும் எடுக்கப் போவதில்லை. அக்னிவீர் தேர்வுக்கு ஒரு வயது வரம்பு உண்டு என்றாலும் அவனுக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. நான்கு ஆண்டுப் பணி, அதன்பின் அதிகபட்சம் நான்கில் ஒரு பங்கினரே படையில் நிலைக்கிறார்கள் என்ற உண்மையை அவன் அறிந்து முடிவெடுக்கட்டும். ஆனால் கிணற்றில் விழுந்த அந்தக் காலணியை நான் கோபமாகப் படிக்கவில்லை. சாலையில் முன்னே நடப்பவராகத் தன் மகனைப் பார்த்துவிட்டார் அவர். பயிற்சியைத் தொடர்வதற்கு முன், ஏன் வேண்டாம் என்கிறார் என்று அப்பாவிடம் ஒருமுறை அமைதியாகக் கேட்கும்படி மகனிடம் சொல்லுங்கள். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை.

உங்களைப் பற்றி ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லை. இத்தனை மாதங்களாக நீங்களும்தான் தூங்கவில்லை. அவர் காலடி ஓசைக்கு விழித்துக் கதவுகளை எண்ணிக்கொண்டு படுத்திருப்பீர்கள். அப்படிப்பட்ட வீடுகளில் மனைவிக்கும் படபடப்பும் சோர்வும் அழுகையும் வருவது இயல்பு. அவரை அழைத்துச் செல்லும் நாளில் உங்களுக்கும் ஒரு சீட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது போங்கள்.

அந்தக் கடிகாரத்தை அவருக்குத் தெரியாமல் அனுப்பிவிடாதீர்கள். உங்கள் எண்ணம் நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒருநாள் கைக்குட்டையைப் பிரித்து அது இல்லாததைக் கண்டால், நண்பரை இரண்டாம் முறை இழந்தவராகிவிடுவார். யாருடையது என்று உங்களுக்குத் தெரியும் என்பதை மட்டும், பொருத்தமான ஒரு பொழுதில், கேள்வி எதுவும் சேர்க்காமல் சொல்லுங்கள். அவர் எழுந்து போனால் பின்தொடர வேண்டாம். சிகிச்சையில் அந்தக் காலையை முழுதாகச் சொல்லி முடித்த பிறகு, இறந்தவரின் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவருக்கே தோன்றலாம். நீங்களும் உடன் போக நேரலாம். அதுவரை அது அலமாரியில், நீங்கள் தூசு தட்டி வைத்த அதே இடத்தில் இருக்கட்டும். துப்பாக்கியை மட்டும் இந்த வாரமே வெளியேற்றிவிட்டு எனக்கு இரண்டு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
ஆலோசகர்